எண்ணுதல் என்னும் சொல்

தமிழில் எண்ணுதல் என்ற வினைக்கு இரண்டு பொருள்கள் உண்டு. களத்துமேட்டில் நெல் மூட்டைகளை எண்ணுகிறோம். வெளியூர் போன மகனைப் பற்றியும் எண்ணுகிறோம். முன்னது கணக்கு, பின்னது நினைவு. அன்றாடப் பேச்சில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதில்லை. இடம் நோக்கிப் பொருள்கொள்ள நமக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் சர்வதேச உறவுகள் என்னும் கல்வித்துறைக்குள் நுழைகிறவர், முதல் பருவத்திலேயே இவ்விரு பொருள்களும் இரண்டு முகாம்களாகப் பிரிந்து நிற்பதைக் காண நேரிடும்.

ஒரு முகாம் நேர்க்காட்சிவாதிகளுடையது. இயற்கையை ஆராய எது முறையோ அதுவே சமூகத்தை ஆராயவும் முறை என்பது அவர்கள் தரப்பு. நாடுகளின் நடத்தையைப் புறவயமாகக் கவனிக்கலாம், கவனித்தவற்றை அளக்கலாம், அளந்தவற்றுக்கிடையே மாறாத தொடர்புகள் தென்பட்டால் அவற்றை விதிகளாகச் சொல்லலாம், அந்த விதிகளைப் புதிய தரவுகளைக் கொண்டு சோதிக்கலாம். மற்றது பொருள்கோள் முகாம். மனிதச் செயல் கல் விழுவதைப் போன்றதல்ல. செய்பவன் அதற்கு ஒரு பொருளைக் கொடுத்தே செய்கிறான். அந்தப் பொருளை அறியாமல் செயலை அறிந்துவிட்டதாகச் சொல்லமுடியாது என்பது இவர்கள் தரப்பு. எல்லையில் ஒரு படைப்பிரிவு நகர்கிறது. அது பயிற்சியா, மிரட்டலா, அச்சமா? செயற்கைக்கோள் எடுத்த படத்தில் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும்.

இந்தப் பிரிவினைக்கு வயது அதிகம். காரணம் சொல்லி விளக்குவதற்கும், உள்ளே நின்று புரிந்துகொள்வதற்கும் உள்ள உறவை ஜெர்மானிய சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விரிவாக ஆராய்ந்தவர். சர்வதேச உறவுகள் துறையில் அதைத் தெளிவாக எடுத்துவைத்த நூல் 1990ல் வெளிவந்தது. மார்ட்டின் ஹாலிஸ் என்ற தத்துவவாதியும் ஸ்டீவ் ஸ்மித் என்ற சர்வதேச உறவு அறிஞரும் சேர்ந்து எழுதியது. உலக அரசியலைப் பற்றி எப்போதும் இரண்டு கதைகள் சொல்ல இருக்கின்றன, விளக்கும் கதை ஒன்று, புரிந்துகொள்ளும் கதை ஒன்று, இரண்டையும் ஒட்டுப்போட்டு ஒன்றாக்க இயலாது என்பது அவர்கள் முடிவு. நூலை இணைந்து எழுதிய இருவருமே தமக்குள் முழுதாக உடன்படவில்லை என்பது அதன் சுவையான அம்சம்.

இலக்கிய வாசகருக்குப் பொருள்கோள் புதிய சரக்கல்ல. நன்னூல் எட்டு வகைப் பொருள்கோளை வகுத்துத் தந்திருக்கிறது. ஒரு செய்யுளில் உள்ள சீர்களைக் குழந்தைகூட எண்ணிவிடும். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு போய்ச் சேர்ந்து பொருள் முடிகிறது என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது. அதற்கு உரையாசிரியர் வேண்டும். எனவே நம்மைப் போன்றவர்கள் இந்த வழக்கில் பொருள்கோள் முகாமின் பக்கம் சாய்வது இயல்பு. ஆனால் அந்தச் சாய்வோடு நின்றுவிட முடியாது என்பதை இங்கே சற்று விரிவாகச் சொல்லிப்பார்க்கிறேன்.

*

முதுகலை வகுப்பில் ஆய்வுமுறையியல் நடத்திய ஆசிரியர் ஒருநாள் கரும்பலகையில் 1000 என்று எழுதிவிட்டு, “போர் என்றால் இதுதான்” என்றார். 1963ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜே. டேவிட் சிங்கர் என்ற அரசியல் அறிஞர் ஒரு பெரிய ஆய்வுத்திட்டத்தைத் தொடங்கினார். போர் எந்தெந்தக் காரணிகளோடு சேர்ந்து வருகிறது என்பதைத் தரவுகளிலிருந்து கண்டறிவது அதன் நோக்கம். வரலாற்றாசிரியர் மெல்வின் ஸ்மாலுடன் சேர்ந்து அவர் 1972ல் வெளியிட்ட நூல், 1816 முதல் 1965 வரை நடந்த போர்களைப் பட்டியலிட்டது. பட்டியலிட வேண்டுமென்றால் எது போர், எது வெறும் எல்லைச் சண்டை என்று தீர்மானித்தாக வேண்டும். களத்தில் ஆயிரம் போர்வீரர்களாவது இறந்திருக்கவேண்டும் என்று அவர்கள் வரையறுத்தார்கள்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, “தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேர் இறந்தால் என்ன சார்?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. ஆசிரியர் சிரிக்கவில்லை. “எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆகணும்மா. கோட்டைப் போட்டது யாருன்னு கேட்டா, அது வேற கேள்வி. அதையும் கேட்கணும்” என்றார்.

அன்று அது கேலிக்கான கேள்வியாகத்தான் எங்களுக்குப் பட்டது. அதற்குள் ஒரு நிஜமான வழக்கு இருந்தது பின்னாளில்தான் தெரியவந்தது. 1999 கோடையில் நடந்த கார்கில் போரில் இந்தியத் தரப்பில் இறந்த வீரர்கள் 527 பேர் என்பது இந்திய அரசின் கணக்கு. பாகிஸ்தானோ மலைமுகடுகளில் இருப்பவர்கள் தன் ராணுவத்தினர் அல்லர், காஷ்மீர் முஜாஹிதீன்கள் என்று தொடக்கத்தில் சாதித்தது. பல உடல்களை அது ஏற்க மறுத்ததால் அவற்றை இந்திய ராணுவமே இஸ்லாமிய முறைப்படி அடக்கம் செய்தது. இறந்தவர்களில் பலர் வடக்கு இலகு காலாட்படை என்ற பிரிவைச் சேர்ந்தவர்கள். 2010ல் பாகிஸ்தான் ராணுவம் தன் இணையதளத்தில் அந்தப் பகுதியில் உயிரிழந்த தன் வீரர்களின் பெயர்களை வெளியிட்டது. எண்ணிக்கை 453.

இரண்டு தரப்பும் தாமே ஒப்புக்கொண்ட எண்களைக் கூட்டினால் 980 வருகிறது. கோட்டுக்கு இருபது பேர் குறைவு. பாகிஸ்தானின் இழப்பு இதைவிட அதிகம் என்று சொல்லும் மதிப்பீடுகள் பல உண்டு. சிங்கர் தொடங்கிய திட்டத்தின் பட்டியலும் கார்கிலைப் போர் என்றே சேர்த்திருக்கிறது. ஆனால் கவனிக்கவேண்டியது வேறு. ஒரு மலைச்சரிவில் கிடக்கும் உடல் படைவீரனுடையதா, முஜாஹிதுடையதா என்பது பார்த்துச் சொல்லக்கூடிய விஷயமாக அப்போது இருக்கவில்லை. அவனை யார் தன்னவன் என்று சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்ததாக இருந்தது. எண்ணத் தொடங்குவதற்கு முன்பே பொருள்கோடல் நடந்து முடிந்துவிடுகிறது.

இருபது பேர் கூடுதலா குறைவா என்பதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. ஜனநாயக நாடுகள் தங்களுக்குள் போரிட்டுக்கொள்வதில்லை என்பது இத்துறையின் புகழ்பெற்ற முடிபு. 1983ல் மைக்கேல் டாயில் அதைக் கான்ட்டின் தத்துவத்தோடு இணைத்து விரிவாக எழுதினார். சர்வதேச உறவுகளில் அனுபவ விதி என்று சொல்லத்தக்கது ஏதேனும் இருந்தால் அதற்கு மிக அருகில் வருவது இதுதான் என்று 1988ல் ஜாக் லெவி மதிப்பிட்டார். 1994ல் அமெரிக்க அதிபர் கிளிண்டன் தன் நாடாளுமன்ற உரையில் இதைச் சுட்டி, ஜனநாயகத்தைப் பரப்புவது அமெரிக்காவின் பாதுகாப்புக்கு நல்லது என்றார். ஆய்வேட்டின் அட்டவணை ஒரு வல்லரசின் வெளியுறவுக் கொள்கையாகிவிட்டது.

கார்கில் நடந்தபோது இந்தியாவில் வாஜ்பாயி பிரதமர். பாகிஸ்தானில் 1997 தேர்தலில் பெரும்பான்மை பெற்று வந்த நவாஸ் ஷெரீஃப் பிரதமர். முஷாரஃபின் ராணுவப் புரட்சி அதற்குப் பிறகு, அக்டோபர் 12 அன்றுதான் நிகழ்ந்தது. எனவே கார்கில் போர் என்றால் விதிக்கு ஒரு விலக்கு கிடைத்துவிடுகிறது. போர் இல்லை என்றால் விதி பிழைத்துக்கொள்கிறது. அல்லது, ராணுவமே முடிவெடுத்த நாட்டை எப்படி ஜனநாயகம் என்பது என்று கேட்டும் விதியைக் காப்பாற்றலாம். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அது அளவுகோலில் இருந்து வரும் வாதமல்ல, பொருளைப் பற்றிய வாதம்.

இடோ ஓரன் என்ற ஆய்வாளர் 1995ல் எழுதிய கட்டுரை இந்த இடத்தைத்தான் தொட்டது. முதல் உலகப்போருக்கு முந்தைய அமெரிக்க அரசியல் அறிஞர்கள் பலர் ஜெர்மானியப் பேரரசை நவீனமான, அரசியலமைப்பு நெறிப்பட்ட அரசாகவே பார்த்தார்கள் என்று அவர் காட்டினார். அவர்களில் ஒருவர் உட்ரோ வில்சன். பேராசிரியராக இருந்தபோது பிரஷ்ய நிர்வாகத்தை வியந்த அதே வில்சன், 1917ல் அதிபராக, ஜனநாயகத்துக்கு உலகைப் பாதுகாப்பானதாக்கவென்று ஜெர்மனிமீது போர் தொடுத்தார். ஜனநாயகம் என்ற சொல்லின் எல்லை, எதிரியாகிவிட்டவரை வெளியே நிறுத்தும்படி மெல்ல நகர்ந்துவந்திருக்கிறது என்பது ஓரனின் வாதம். அப்படியென்றால் விதி உண்மையாக இருப்பதில் வியப்பென்ன?

நாடு என்ற சொல்லின் கதையும் இதுவே. சிங்கரின் திட்டத்தில் 1920க்கு முன் ஒரு பகுதி நாடாகக் கருதப்பட ஐந்து லட்சம் மக்கள்தொகை வேண்டும். கூடவே பிரிட்டனும் பிரான்சும் அங்கே தூதர்களை வைத்திருக்கவும் வேண்டும். லண்டனும் பாரிசும் அங்கீகரித்தால்தான் நாடு. ஆகவே காலனியப் போர்கள் தனிப்பகுதிக்குப் போயின. தொடக்ககால வரையறையில் அத்தகைய போர்களுக்கு ஆயிரம் என்ற கணக்கு, அங்கீகாரம் பெற்ற நாட்டின் இழப்பை மட்டுமே பார்த்தது. எதிர்த்து நின்று இறந்தவர்கள் எத்தனை ஆயிரமாயினும் கோட்டைத் தாண்ட உதவவில்லை. பின்னாளில் திட்டத்தைச் சேர்ந்தவர்களே இதைத் திருத்திக்கொண்டார்கள். தீயநோக்கம் ஏதுமற்ற, நேர்மையான அறிஞர்கள் அவர்கள். ஆனால் புறவயமான அளவுகோல் என்று கையில் எடுத்தது, ஏற்கெனவே யாரோ எங்கோ செய்துமுடித்த ஒரு பொருள்கோடலாக இருந்தது.

*

நம்முடைய புறத்திணை மரபு இந்தப் பின்னணியில் எனக்குப் புதிதாகத் தெரிகிறது. தொல்காப்பியமும் புறப்பொருள் வெண்பாமாலையும் போரை வகைப்படுத்தியபோது பிணங்களை எண்ணவில்லை. எதற்காக, எந்த நிலையில் நின்று போரிடுகிறார்கள் என்று கேட்டன. ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. கோட்டையை வளைப்பது உழிஞை. உள்ளிருந்து காப்பது நொச்சி. நிகழ்வு ஒன்றுதான், மாடு ஒன்றுதான், மதில் ஒன்றுதான். நிற்கும் பக்கத்துக்கு ஏற்பப் பூ மாறுகிறது, பூவோடு பெயரும் மாறுகிறது. இரு தரப்பும் ஒரே பூவைச் சூடுவது தும்பையில் மட்டும். செயலுக்குச் செய்பவன் தரும் பொருளே அதன் அடையாளம் என்ற எண்ணத்தை இத்தனை சுருக்கமாகச் சொன்ன வேறு வகைப்பாட்டை நான் படித்ததில்லை.

நவீனத் துறையில் இதே எண்ணத்தைப் பரவலாக்கியவர் அலெக்சாண்டர் வென்ட். கென்னத் வால்ட்ஸ் 1979ல் எழுதிய நூலின்படி, நாடுகளுக்கு மேலே ஓர் அரசு இல்லாத நிலையும் அவற்றுக்கிடையே வலிமை பகிரப்பட்டிருக்கும் விதமும் சேர்ந்து அவற்றின் நடத்தையைப் பெருமளவு தீர்மானித்துவிடுகின்றன. வென்ட் கேட்டார்: அப்படியானால் பிரிட்டனிடம் இருக்கும் ஐந்நூறு அணுகுண்டுகளைவிட வடகொரியாவிடம் இருக்கக்கூடிய ஐந்து அணுகுண்டுகள் ஏன் அமெரிக்காவை அதிகம் அச்சுறுத்துகின்றன? 1995ல் எழுதப்பட்ட இந்த உதாரணத்தில் எண்ணிக்கை ஒரு பக்கம் இழுக்கிறது, பொருள் மறுபக்கம் இழுக்கிறது; பொருளே வெல்கிறது. நண்பன் யார், பகைவன் யார் என்ற புரிதல் இல்லாமல் ஆயுதங்களின் எண்ணிக்கை எதையும் சொல்வதில்லை. இத்தனை சொன்ன வென்ட், ஆய்வுமுறை என்று வரும்போது தன்னை அறிவியலின் பக்கமே நிறுத்திக்கொண்டார். முகாம்களுக்கிடையே உள்ள வேலி வெளியிலிருந்து தெரிவதுபோல் அத்தனை உயரமில்லை.

*

இதுவரை சொன்னதைக் கொண்டு பொருள்கோள் முகாமுக்கு வெற்றி அறிவித்துவிடலாம். பலர் அப்படித்தான் முடிக்கிறார்கள். அங்கே முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் பொருள்கோடல் அறிஞர்களின் தனிச்சொத்து அல்ல. அரசுகளும் அதைச் செய்கின்றன, அறிஞர்களைவிட வலுவாகச் செய்கின்றன.

1987 ஜூலை ஒப்பந்தத்தை அடுத்து இலங்கைக்குச் சென்ற இந்தியப் படைக்கு அமைதி காக்கும் படை என்று பெயர். அக்டோபரில் அது விடுதலைப் புலிகளோடு சண்டையில் இறங்கியது. 1990 மார்ச்சில் திரும்பியபோது ஆயிரத்துக்கும் அதிகமான இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தார்கள். போரிட்டவை இரு நாடுகளின் படைகள் அல்ல என்பதால் நாடுகளுக்கிடையிலான போர்ப் பட்டியலில் அதற்கு இடமில்லை. களத்தில் இறந்த படைவீரர்களை மட்டும் எண்ணும் முறையில் அங்கே இறந்த பொதுமக்களுக்கும் இடமில்லை. அமைதி காத்தல் என்ற சொல்லை டெல்லி ஒருவிதமாக வாசித்தது, யாழ்ப்பாணத்து மக்கள் வேறுவிதமாக வாசித்தார்கள். இரண்டும் இரண்டு வாசிப்புகள், இரண்டுக்கும் அதனதன் நியாயம் உண்டு என்று சொல்லிவிட்டுப் பொருள்கோளாளர் எழுந்து போய்விட முடியுமா?

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் படைகளை அனுப்பியபோது அதற்குச் சிறப்பு ராணுவ நடவடிக்கை என்று பெயரிட்டது. மார்ச் மாதத்தில், ராணுவத்தைப் பற்றிப் பொய்ச்செய்தி பரப்புவதாகக் குற்றம் சாட்டித் தண்டிக்கச் சட்டம் வந்தது. போர் என்று சொன்னவர்கள்மீது வழக்குகள் பாய்ந்தன. பெயரிடும் உரிமையை அரசு முழுதாகத் தன் கையில் எடுத்துக்கொண்ட அந்த இடத்தில் எதிர்ப்பு எந்த வடிவில் வந்தது? எண்ணிக்கையின் வடிவில். மீடியாசோனா என்ற சுயாதீன ரஷ்ய ஊடகமும் பிபிசியின் ரஷ்யச் சேவையும் தன்னார்வலர்களோடு சேர்ந்து, உள்ளூர் இரங்கல் குறிப்புகளிலிருந்தும் சமூக ஊடகங்களிலிருந்தும் புதைகுழிகளின் பலகைகளிலிருந்தும் இறந்த ரஷ்ய வீரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் திரட்டின. சொல்லை மாற்றலாம், கல்லறைகளின் எண்ணிக்கையை அத்தனை எளிதில் மாற்ற முடியாது. அந்தப் பட்டியல் ஒரு கோட்பாட்டைச் சோதிக்கத் தொகுக்கப்பட்டதல்ல. ஆனாலும் அது கணக்குதான். ஒருவரும் விட்டுப்போய்விடக் கூடாது என்ற பிடிவாதம்தான் அதன் முறையியல்.

எண்ணிக்கைக்குள் பொருள்கோடல் ஒளிந்திருக்கிறது என்று காட்டுவது அவசியமான வேலை. பொருள்கோடலுக்குள் எண்ணப்படாதவர்கள் ஒளிந்திருக்கிறார்கள் என்று காட்டுவதும் அதே அளவு அவசியமானது. நம் புறத்திணையிலும் மன்னனின் பூ என்னவென்று தெரிகிறது; எரிக்கப்பட்ட வயல்களுக்குச் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் என்று தெரிவதில்லை.

*

போரைக் கணக்கிடும் மரபின் முன்னோடிகளில் ஒருவரை இந்தச் சர்ச்சையில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன், 1881ல் பிறந்த ஆங்கிலேயர், வானிலை அறிவியலாளர். குவேக்கர் என்ற சமயப்பிரிவைச் சேர்ந்தவர் என்பதால் ஆயுதம் ஏந்த மறுத்து, முதல் உலகப்போரின்போது 1916 முதல் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். கணித முறையால் வானிலையை முன்கூட்டிச் சொல்வது பற்றிய தன் நூலின் கைப்பிரதியைப் போர்முனைக்கும் எடுத்துச் சென்றிருந்தார். அது தொலைந்து, மாதங்கள் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கடியில் கிடைத்தது. 1920ல் பிரிட்டனின் வானிலைத் துறை விமானப்படையை நடத்தும் அமைச்சகத்தின் கீழ் வந்தபோது வேலையை விட்டார். பின்னர் பல ஆண்டுகள் போர்களைப் பற்றிய தரவுகளைத் திரட்டினார். 1953ல் அவர் இறந்தபிறகு, 1960ல்தான் அவை நூல்களாக வந்தன.

அவர் கணக்குகள் பல ஆறுதலான நம்பிக்கைகளைக் கலைத்தன. ஒரே மொழி பேசுவது மக்களைப் போரிலிருந்து காக்கும் என்பதற்கு அவருக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. போர்கள் வெடிக்கும் காலங்கள் ஏறத்தாழத் தற்செயல் நிகழ்வுகளைப் போலவே சிதறிக் கிடந்தன. மனிதர்களின் உள்நோக்கங்களை எவ்வளவு நுட்பமாக வாசித்தாலும் இந்த உண்மைகள் கிடைத்திருக்காது. எண்ணினால்தான் கிடைக்கும்.

அதே ரிச்சர்ட்சன், எல்லையின் நீளத்துக்கும் போருக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க முயன்றார். ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையிலுள்ள ஒரே எல்லைக்கு நூல்களில் இரண்டு நீளங்கள் இருப்பதைக் கண்டார்: 987 கிலோமீட்டர், 1214 கிலோமீட்டர். அளப்பவர் எடுத்துக்கொண்ட கோல் சிறியதாக ஆக, வளைவுகள் கூடுதலாகப் பிடிபட்டு நீளம் கூடிக்கொண்டே போகிறது என்று கண்டறிந்தார். 1961ல் வெளிவந்த அந்தக் கட்டுரையிலிருந்துதான் 1967ல் மாண்டல்பிராட் பிரிட்டனின் கடற்கரை எவ்வளவு நீளம் என்ற தன் புகழ்பெற்ற கேள்விக்கு வந்தார். கோலைச் சொல்லாமல் நீளத்தைச் சொல்லமுடியாது என்பதை, பொருள்கோளாளர் எவரும் சுட்டிக்காட்டாமல், அளந்துகொண்டிருந்தவரே கண்டுகொண்டார்.

ரிச்சர்ட்சனின் பட்டியலில் இன்னொன்றும் உண்டு. கலகம், படையெடுப்பு, கொள்ளை, கொலை என்று தரப்புக்கேற்ப மாறும் பெயர்களை விட்டுவிட்டு எல்லாவற்றையும் உயிர்பறிக்கும் சச்சரவுகள் என்ற ஒரே தலைப்பின்கீழ் கொண்டுவந்தார். இறப்பு எண்ணிக்கையின் மடக்கையைக் கொண்டு அவற்றுக்கு அளவு குறித்தார். பத்துப்பேர் இறந்தால் ஒன்று, நூறுபேர் இறந்தால் இரண்டு, உலகப்போர்கள் ஏழு. ஆயிரம் என்ற கோடு அதில் இல்லை. ஒரே ஒருவர் கொல்லப்பட்டால் கணிதப்படி அதன் அளவு பூஜ்யம். பூஜ்யம் என்பதால் அது பட்டியலிலிருந்து விழுந்துவிடவில்லை. அந்த அளவுகோல் தொடங்குவதே அங்கிருந்துதான். மொத்தக் கணக்கைப் பார்த்தபோது, மிகுதியான உயிர்களைக் கொண்டுபோனவை அளவுகோலின் இரண்டு முனைகளும்தான் என்று தெரிந்தது: உலகப்போர்களும் தனிக்கொலைகளும்.

நம் மொழி எண்ணுதல் என்று எதைச் சொல்கிறதோ, அதன் இரண்டு பொருள்களும் இந்த மனிதரிடம் பிரியாமல் இருந்ததாகவே நினைக்கிறேன். ஆம்புலன்ஸில் தூக்கிப்போட்ட உடல்களின் நினைவு இல்லாத ஒருவர் பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகமே.